ஓடிப் பழகும்வரை

லீலாபாய் புருனையிலிருந்து கார் கொண்டுவருகிறாள் என்ற செய்தி, அந்தக் கார் கொச்சித் துறைமுகத்தில் இறங்கும் முன்பே கொல்லயில் ஊருக்குள் இறங்கிவிட்டது. இறக்கியவர் அவளுடைய அண்ணன் ரெத்தினதாஸ். குன்னத்துகாலில் தடி டிப்போ நடத்தும் மனிதர். மரம் எடுக்க வருகிறவர்களிடம் விலைபேச்சுக்குள் நுழைவதற்கு முன்னால் அவருக்கு வேறு ஏதாவது பேசியாக வேண்டும். தொண்ணூற்று மூன்றாம் வருஷம் முழுக்க அவர் பேசியது தங்கச்சியின் காரைப் பற்றி. ஜப்பான் கார். குடும்பம் மொத்தமும் ஏறிக்கொண்டு பாறசாலை சபைக்குப் போகலாம். மகன் வினீத்துக்குப் பெண் பார்க்கப் போகலாம். மனைவி செல்லபாய் முட்டுவலியை வைத்துக்கொண்டு திருவனந்தபுரத்துக்கு இனி பஸ் ஏற வேண்டாம்.

என்ன மாதிரிக் கார் என்று அவர் கேட்கவில்லை. லீலாபாயும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை. போனில் அவள் எப்போதுமே கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறவள்.

கார் வந்த அன்று, இடவழியிலிருந்து முற்றத்துக்கு ஏறும் இடத்தில் அதன் அடிவயிறு சிமென்ட்டில் கரகரவென்று உரசியது. சிவப்பு நிறம், தரையோடு தரையாகக் கிடந்த உடம்பு. விளக்குகள் இருக்க வேண்டிய இடம் மூடிக் கிடந்தது. லீலாபாய் ஏதோ ஒன்றைத் தட்டியதும் இரண்டு விளக்குகளும் தவளைக் கண் போல மேலெழுந்து நின்றன. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் கூவின.

"வண்டி எங்க?" என்றார் ரெத்தினதாஸ்.

"இதாக்கும் அண்ணா."

"இது கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு. மத்தது?"

"மத்தது ஏது? இது ஒண்ணுதான்."

அவர் கதவைத் திறந்து உள்ளே குனிந்து பார்த்தார். முன்னால் இரண்டு இருக்கைகள். பின்னால் இருக்கை மாதிரி ஒன்றைத் தோலால் தைத்து வைத்திருந்தார்கள். "பின்னால சீட்டு உண்டே!" என்று சொல்லி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உள்ளே புகுந்தார். முழங்கால் தாடையில் இடித்தது, தலை கண்ணாடியில் முட்டியது. வெளியே வர இரண்டு பேர் கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. வேட்டியை உதறிவிட்டு வீட்டுக்குள் போனார்.

செல்லபாய்தான் பேசினாள். "ஒரு ஆளுக்கும் ஒரு பைக்கும் உள்ள வண்டியாக்கும் இது. எனக்க முட்டு இதுல மடங்குமா பிள்ளே?"

"கஷ்டம்தான் மைனி" என்றாள் லீலாபாய்.

இருபத்திநாலு வயதில் நர்ஸாகப் போனவள். இருபது வருஷத்துக்கு மேல் அங்கே ஆபரேஷன் தியேட்டரில் நின்றாள். வீட்டு மாடி, டிப்போவின் அறுப்பு மிஷின், வினீத்தின் காலேஜ் எல்லாம் அவள் அனுப்பியதில் ஆனவை. கல்யாணம் ஆகவில்லை. அதற்குப் பின்னால் கதை ஒன்றும் கிடையாது. லீவுக்கு வரும்போது கல்யாண ஆலோசனை வரும். பேச்சு முடிவதற்குள் லீவு முடிந்துவிடும். சில வருஷங்களில் ஆலோசனைகள் நின்றுபோயின. அதில் அவளுக்குப் பெரிய வருத்தமும் இருக்கவில்லை.

காருக்கும் கதை கிடையாது. அவளோடு வேலைபார்த்த லிம் என்ற மயக்க டாக்டர் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர், தன் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரை விற்க நினைத்தார். சும்மா ஒருமுறை ஓட்டிப் பார் என்று சாவியைக் கொடுத்தார். கடலோர ரோட்டில் அதை விட்டபோது லீலாபாய் முதலில் கவனித்தது வேகத்தை அல்ல. வண்டி ஆடவில்லை. அதுவரை அவள் ஓட்டிய கார்களில் எஞ்சினின் நடுக்கம் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு ஏறி வரும். இதில் அது இல்லை. முள் மேலே மேலே போனது, சத்தம் மட்டும் மெலிந்து உயர்ந்தது, கடைசியில் எச்சரிக்கை மணி ஒன்று கிணுகிணுத்தது. அப்போதும் கையில் ஒரு அதிர்வும் இல்லை. அன்று மாலையே வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

லிம் அவளை உட்காரவைத்து அரைநாள் பாடம் எடுத்தார். இதில் பிஸ்டன் கிடையாது. முட்டை வடிவக் கூட்டுக்குள் முக்கோணமான இரும்பு ஒன்று சுழல்கிறது, அப்படி இரண்டு கூடுகள். முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் மெல்லிய பட்டை. அதைத்தான் சீல் என்பார்கள். எஞ்சினின் ஆயுள் அந்தப் பட்டையின் ஆயுள். அது கூட்டின் சுவரை உரசிக்கொண்டே இருப்பதால் அதற்கு எண்ணெய் வேண்டும், ஆகவே இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும். குடிக்காவிட்டால்தான் பயப்பட வேண்டும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பினால் நன்றாகச் சூடேறும் முன் அணைக்கக் கூடாது. அணைத்தால் உள்ளே பெட்ரோல் தேங்கிப்போய், மறுபடி கிளம்பாது. லீலாபாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். தியேட்டரில் புதிதாக ஒரு மிஷின் வந்தால் எப்படிக் கேட்பாளோ அப்படி.

ஊருக்கு வந்த பிறகு அதைப் பராமரிப்பது அவள் ஒருத்தியின் வேலையாயிற்று. உதியங்குளங்கரையில் லாரி ஒர்க்ஷாப் வைத்திருந்த ஜெயசிங்கிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவன் பானெட்டைத் திறந்து கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இதுக்க பிஸ்டன் எந்தப் பக்கம் சிஸ்டர்?"

அவள் விளக்கினாள். அவன் எல்லாம் கேட்டுவிட்டு பானெட்டை மெதுவாக மூடினான். "எனக்கு இது தெரியாது. தெரியாததுல கை வச்சா கெடுத்துப்போடுவேன். டயரு, பிரேக்கு, கிளச்சு, எதுக்கானாலும் கொண்டு வாங்க. நடுவில உள்ளத நீங்களே பாத்துக்கிடுங்க."

தெரியாது என்று முதல் நாளே சொல்லும் ஆளை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதற்குப் பிறகு டயர், பிரேக் எல்லாம் அவனிடம்தான்.

பாறசாலை பெட்ரோல் பங்கில் அவள் டாங்க் நிறைக்கும்போது, ஸ்கூட்டருக்கு ஊற்றும் டூ-டி ஆயிலையும் கொஞ்சம் அளந்து சேர்ப்பாள். முதல் தடவை பங்க்காரன் கையை நிறுத்திவிட்டான். "சேச்சி, இது ஆட்டோயில் ஒழிக்குன்ன ஓயில் அல்லே?"

"அதே. இதினும் வேணும்" என்றாள்.

அவன் அன்றைக்கே நாலு பேரிடம் சொல்லியிருக்க வேண்டும். வெளிநாட்டுக் காருக்கு ஆட்டோரிக்ஷா எண்ணெய் ஊற்றுகிறாள், எஞ்சின் போன வண்டியை யாரோ தலையில் கட்டிவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. யாரோ கட்டிவிட்டார்கள் என்பது சீக்கிரமே யாரோ கொடுத்தார்கள் என்று மாறி, பெண்கள் ஜெபக்கூட்டத்துக்குள் ஒரு சீன டாக்டர் நுழைந்தார். லீலாபாயின் காதுக்கும் வந்தது. அவள் மறுக்கப் போகவில்லை. மறுத்தால் அதற்கும் ஒரு கதை வேண்டியிருக்கும்.

வீட்டில் சாவி மற்றச் சாவிகளோடு சாப்பாட்டு அறை ஆணியில் தொங்கியது. ஒரு நாள் சாப்பிடும்போது எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். "ஆரும் எடுக்கண்டாம். அத்தியாவசியமா எடுத்தா, நல்லா சூடாவாம நிறுத்தண்டாம்."

"ஆரு எடுக்கா அந்த சவத்த" என்றார் ரெத்தினதாஸ், மீன்குழம்பை ஊற்றிக்கொண்டே.

அவர் அதில் ஏறியதே இல்லை. முதல் நாள் பின்னிருக்கையில் மாட்டிக்கொண்டதோடு சரி. லீலாபாய் திருவனந்தபுரம் போகிறாள் என்றால், அவரும் அதே நாள் அதே ஊருக்குப் போவதாக இருந்தாலும், பஸ்ஸில்தான் போவார்.

தொண்ணூற்று ஐந்தில் வினீத்தின் கல்யாணம் வந்தது. பெண் அமரவிளைப் பக்கம், ஷிஜா என்று பெயர். கல்யாணம் பெண் வீட்டுச் சபையில். வினீத் ஒரே ஒரு காரியம்தான் கேட்டான். "மாமி, நான் உங்க வண்டியிலதான் போவேன்." லீலாபாய் முந்தின நாளே வண்டியைத் துடைத்து, முன்கண்ணாடியிலிருந்து பானெட் முனைவரை ரிப்பன் கட்டி, போர்ட்டிகோவில் நிறுத்தியிருந்தாள்.

காலையில் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு இறங்கி வந்தபோது கார் அங்கே இல்லை. சற்றுத் தள்ளி பலாமரத்தடியில் நின்றது. போர்ட்டிகோ முழுக்கச் சமையல்காரர்களின் அண்டாவும் சருவமும். அவள் ஏறி உட்கார்ந்து காலை நீட்டினாள். கிளச் எட்டவில்லை. சீட் பின்னால் தள்ளப்பட்டிருந்தது. சாவியைத் திருப்பும் முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது. திருப்பினாள். எஞ்சின் வெறுமனே சுற்றியது. பெட்ரோல் வாடை அடித்தது.

போதகர் வந்து வீட்டு ஜெபம் முடித்து, எல்லோரும் புறப்படுகிற நேரம். ரெத்தினதாஸ் பட்டு வேட்டியோடு வந்தார்.

"என்ன?"

"ஆரு வண்டிய எடுத்தது?"

சுற்றிலும் சொந்தக்காரர்கள். அவர் தொண்டையைச் செருமினார். "நாந்தான் எடுத்தேன். அண்டாவ எங்க எறக்குவாவ, எனக்க தலையிலயா? பத்தடி மாத்தினேன். பத்தடிக்கு ஒரு காரு செத்துப்போவுமா?"

"போவும்" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். ரெத்தினதாஸின் முகம் சிவந்தது. வாடகைக்குப் பிடித்திருந்த அம்பாசிடரில் வினீத்தை ஏற்றினார்கள். செல்லபாய் வேனிலிருந்து தலையை நீட்டி, "பிள்ளே, ஏறு" என்றாள். லீலாபாய் காரையும் வேனையும் பார்த்தாள்.

"நீங்க போங்க மைனி. நான் இத எடுத்துட்டு பின்னால வாறேன். திரும்பும்போ பொண்ணும் மாப்பிளையும் இதுல வரட்டும்."

சீக்கிரம் முடிந்துவிடும் என்றுதான் நினைத்தாள். பட்டுச்சேலைக்கு மேல் ஒரு பழைய நைட்டியைப் போட்டுக்கொண்டு, பெட்ரோலுக்கான ஃபியூஸைப் பிடுங்கினாள். நான்கு பிளக்குகளையும் கழற்றி அடுப்புச் சூட்டில் உலர வைத்தாள். பிளக் துளைகள் வழியாக உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியே தெறிக்கும்வரை எஞ்சினைச் சுற்றவிட்டாள். அதற்குள் பேட்டரி இறங்கிப்போயிற்று. சமையல்காரர்களின் லாரி டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தான். அவனைத் தேடிப் பிடித்து, லாரி பேட்டரியிலிருந்து வயர் இழுத்து, பிறகு ஊசியில்லாத சிரிஞ்சால் ஒவ்வொரு துளைக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் செலுத்தி, பிளக்கையும் ஃபியூஸையும் மாட்டி, மறுபடி சாவியைத் திருப்பினாள். முக்கி முனகி ஒருவழியாகப் பிடித்துக்கொண்டது. பிடித்ததும் பின்னாலிருந்து வெள்ளைப் புகை கிளம்பியது. பலாமரம் மறைந்தது. பந்தல் மறைந்தது. பந்தலில் தீ என்று நினைத்துச் சமையல்காரர்கள் தண்ணீர் வாளிகளோடு ஓடிவந்தார்கள். தலைமைச் சமையல்காரர், "பிரியாணிய மூடுங்கலே, மூடுங்கலே!" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அவள் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, கூட்டம் சபைக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. வினீத் ஒன்றும் நினைக்கவில்லை. அவன் முன்னிருக்கையில் ஏறிக்கொண்டான். பின்னால் இருக்கை என்று சொல்லப்பட்ட இடத்தில் உட்கார முடியாதென்று ஷிஜாவையும் அவனோடு நெருக்கி உட்காரவைத்தார்கள். அமரவிளைப் பாலம்வரை பின்னால் புகை வந்தது. ஷிஜாவின் முக்காட்டில் ஆயில் வாடை பிடித்துக்கொண்டு, இரண்டு முறை அலசியும் போகவில்லை என்று பிறகு செல்லபாய் சொன்னாள்.

சாயங்காலம், விருந்துக்காரர்கள் போன பிறகு, ரெத்தினதாஸ் வாடகை நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்க மொவன் கெட்டினத எல்லாரும் பாத்தாவ. ரோட்டில போனவனும் நின்னு பாத்தான். நீ பாக்கல்ல."

லீலாபாய் நின்றுகொண்டிருந்தாள்.

"இத்தன வருசமும் நீ அங்க இருந்த. ஒவ்வொண்ணுக்கும் பைசா வந்து, நீ வரல்ல. அதுல எனக்குக் கொறை இல்ல, எப்பிடி வர முடியும்? இப்ப இங்க நின்னுக்கிட்டே வரல்லியே நீ."

பத்தடியைப் பற்றி அவள் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. ஆனால் அவர் சொன்னதிலும் பொய் ஒன்றும் இல்லை. "செரிதான் அண்ணா" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள்.

அடுத்த மாதம் அதியன்னூரில் மெயின் ரோட்டை ஒட்டி ஒரு வீடு வாடகைக்கு எடுத்தாள். ஓடு போட்ட ஷெட் இருந்தது, ஏறும் இடத்தில் மேடு இல்லை. நெய்யாற்றின்கரையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் தியேட்டர் பொறுப்பாளர் வேலையும் கிடைத்தது. சொத்துத் தகராறு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ரெத்தினதாஸ் வந்து பார்க்கவில்லை. அவளும் கொல்லயிலுக்குப் போனால் அவர் டிப்போவில் இருக்கும் நேரம் பார்த்துத்தான் போவாள்.

செல்லபாய் வந்தாள். மாதம் ஒரு முறையாவது மரச்சீனிக் கிழங்கும் கருவாடும் பையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவாள். திரும்பும்போது, முட்டு வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லியே காரில் ஏறி இடவழி முக்குவரை வந்து இறங்கிக்கொள்வாள். ஒரு தடவை காரில் வைத்துச் சொன்னாள்.

"நீ போனது நல்லதாச்சு. பிணங்கண்டாம் பிள்ளே, உள்ளதச் சொல்லுதேன். மேல உள்ள முறி ஷிஜாவுக்குக் கெடச்சு. நீ இருந்தா நாங்க கேக்கவும் மாட்டோம், நீ தரவும் மாட்ட."

லீலாபாய் சிரித்துவிட்டாள். உண்மையிலேயே தரமாட்டாள். அந்த அறையிலிருந்து பார்த்தால்தான் கார் நிற்கும் இடம் தெரியும்.

தொண்ணூற்று ஏழில் எஞ்சின் தளர்ந்தது. காலையில் குளிரில் கிளம்பும். ஆனால் ஓடிச் சூடான பிறகு நிறுத்தினால் மறுபடி கிளம்பாது. எதனால் என்று அவளுக்குத் தெரியும். பட்டைகள் தேய்ந்து, உள்ளே அழுத்தம் நிற்கவில்லை. சில மாதங்கள் சமாளித்தாள். ஆஸ்பத்திரியில் சரிவான இடமாகப் பார்த்து நிறுத்தினாள். வழியில் எங்கும் அணைக்காமல் வந்தாள். பெட்ரோலை வீட்டிலேயே வாங்கி வைத்து ஊற்றினாள். ஒரு நாள் காலையிலும் கிளம்பவில்லை.

விற்றுவிடு என்றார்கள் ஆஸ்பத்திரியில். அவளும் யோசித்துப் பார்த்தாள். கோயம்புத்தூரில் ரேஸ்காரர் ஒருவர் வாங்கிக்கொள்வார் என்று ஒரு டாக்டர் சொன்னார். இரண்டு நாள் பஸ்ஸில் வேலைக்குப் போய்வந்தாள். மூன்றாம் நாள் சிங்கப்பூரில் இருந்த பழைய தோழிக்கு போன் செய்தாள். லீவுக்கு வந்த ஒரு நர்ஸின் பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே புதுப் பட்டைகளும் ஸ்பிரிங்குகளும் ரப்பர் வளையங்களும், எஞ்சினைக் கழற்றி மாட்டும் விதம் சொல்லும் ஒரு புத்தகமும் வந்து சேர்ந்தன.

ஜெயசிங்கிடம் போனாள். "நீங்க புக்க வாசியுங்க சிஸ்டர். நான் தூக்கித் தாறேன், கழத்தித் தாறேன். எது எங்க போவணும்னு நீங்க சொல்லணும்" என்றான். எஞ்சினைத் தூக்க செயின் பிளாக் வேண்டும். அவனுடையது பழுது. யாரிடம் கேட்டானோ தெரியாது, சனிக்கிழமை காலை ஷெட்டின் முன்னால் ஜீப்பில் செயின் பிளாக்கோடு வந்து இறங்கியவர் ரெத்தினதாஸ்.

"செயின் பிளாக் எனக்கதாக்கும்" என்றார், ஜெயசிங்கைப் பார்த்து. "கண்டவன் கையில குடுத்துட்டு, பொறவு ஆரு பதில் சொல்லும்?"

ஷெட்டுக்குள் வந்து முதலில் மேலே உத்தரத்தைப் பார்த்தார். எட்டித் தட்டினார். "அயனி மரம். பழசு. தாங்கும்." அதற்குப் பிறகுதான் தங்கச்சியின் பக்கம் திரும்பி, "காப்பி உண்டா?" என்று கேட்டார். அவள் போட்டுக்கொண்டு வந்தாள்.

சங்கிலி இழுபட, எஞ்சின் மேலே வந்து தொங்கியது. ரெத்தினதாஸ் காப்பித் தம்ளரோடு அதைச் சுற்றி வந்தார். "இம்மட்டுதானா? இம்புட்டு சாதனத்துக்கா அம்புட்டு சத்தம்?"

லீலாபாய் தரையில் பச்சைத் துணி விரித்து, கழன்று வரும் ஒவ்வொன்றையும் கழன்ற வரிசையிலேயே வைத்துக்கொண்டு போனாள். கூட்டைத் திறந்ததும் முக்கோண இரும்பு தெரிந்தது. கரிபிடித்திருந்தது. பட்டையை எடுத்து ரெத்தினதாஸின் உள்ளங்கையில் வைத்தாள். அவர் பெருவிரலால் அதன் ஓரத்தைத் தடவினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

"அறுப்பு வாளு தேஞ்ச மாதிரி தேஞ்சிருக்கு. நடுவில கூடுதலு, ஓரத்தில கொறவு."

"ஓ. சூடு அங்கதான் கூடுதல்."

"வாளுக்கும் அப்பிடித்தான்."

மறு சனிக்கிழமை செயின் பிளாக்குக்கு வேலை இல்லை. ஆனாலும் அவர் வந்தார். ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, லீலாபாய் புத்தகத்தை வாசித்து வாசித்துப் புதுப் பட்டைகளை மாட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்தடுத்த வாரங்களிலும் அப்படியே. எல்லாம் கூட்டி, எஞ்சினைத் திரும்ப இறக்கி, சாவியைத் திருப்பிய நாளில், அது நொண்டிக்கொண்டு கொஞ்சம் ஓடி நின்றுபோயிற்று. அழுத்தம் பார்த்தார்கள். ஒரு கூட்டில் ஒரு முனை பிடிக்கவே இல்லை. மறுபடியும் தூக்கித் திறந்தார்கள். ஒரு ஸ்பிரிங் தலைகீழாக இருந்தது. அதை மாட்டியது லீலாபாய்.

ஜெயசிங் ஸ்பிரிங்கைத் துடைத்து அவளிடம் நீட்டினான். ரெத்தினதாஸ்தான் கேட்டார். "ஒனக்கும் தப்பு வருமா?"

"வரும்."

அவர் தலையாட்டினார். அந்த பதிலை வெகு நாளாக எதிர்பார்த்திருந்தவர் போலிருந்தது அந்தத் தலையாட்டல்.

இரண்டாம் முறை எஞ்சின் பிடித்தது. அதியன்னூர் மெயின் ரோட்டில் ஒரு பஸ் புகைக்குள் ஹெட்லைட் போட்டுக்கொண்டு போயிற்று. புகை அடங்கி, சத்தம் சீரானதும் லீலாபாய் ஜெயசிங்கிடம் சொன்னாள். புதுப் பட்டைகள் கூட்டின் சுவரோடு உரசி உரசிப் பொருந்த வேண்டும். அதுவரை விரட்டக் கூடாது. தூரம் ஓட வேண்டும், ஆனால் மெதுவாக ஓட வேண்டும். ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

"எம்புட்டு மெதுவா?" என்று ஸ்டூலிலிருந்து குரல் வந்தது.

"பஸ்ஸுக்குப் பின்னால போற அளவுக்கு."

ரெத்தினதாஸ் எழுந்து வேட்டியை உதறினார். "அப்பிடியெங்கில் நானும் வாறேன்."

அப்படித்தான் அவர் அந்தக் காரில் முன்னிருக்கையில் ஏறினார். முதல் நாள் களியக்காவிளை தாண்டி மார்த்தாண்டம்வரை போனார்கள். அவர் கதவுக் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தார். குழித்துறைப் பாலத்தில் எதிரே லாரி வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார். லீலாபாய் அதைப் பார்த்தாள்.

"எனக்கு வேகம்னா பேடி, பயமாக்கும்" என்றார் அவர், கண்ணைத் திறக்காமலே. "தடி லாரி ஒரு தடவ கவிழ்ந்து, நான் உள்ள இருந்தேன். நீ அப்போ அங்க. ஆரிட்டயும் சொல்லண்டாம், கேட்டியா?"

நாலு வருஷமாக அவர் வீம்புக்காக ஏறவில்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். "சொல்ல மாட்டேன்" என்றாள்.

சனிக்கிழமைதோறும் போனார்கள். ஒரு வாரம் நாகர்கோவில் பக்கம், ஒரு வாரம் ஆற்றிங்கல் பக்கம். ஆட்டோக்கள் அவர்களைத் தாண்டிப் போயின. கல்யாண வேன்கள் ஹாரன் அடித்துக்கொண்டு தாண்டிப் போயின. இப்படி ஒரு கார் இப்படி ஊர்ந்து போவதைக் கண்டு சைக்கிள்காரர்கள் பக்கத்தில் வந்து, "வண்டி கேடா?" என்று விசாரித்தார்கள். "கேடு இல்ல மக்கா, ஓடிப் பழகுதாக்கும்" என்று ரெத்தினதாஸ் ஜன்னல் வழியாக விளக்கம் சொன்னார். தன் டிப்போ மரத்தில் கதவும் ஜன்னலும் போட்ட வீடுகளை வழிநெடுகக் காட்டிக்கொண்டு வந்தார். எது தேக்கு, எது பிலாவு, எந்த வீட்டுக்காரன் தேக்கு என்று சொல்லிக்கொண்டு அயனி போட்டான் என்பதெல்லாம் அவருக்கு நினைவிருந்தது.

ஒரு சனிக்கிழமை தக்கலை தாண்டியதும் கேட்டார். "நீ என்னத்துக்கு மக்கா இந்த வண்டிய வாங்கின?"

"ஓட்டிப் பாத்தேன். ஆடல்ல. பிடிச்சுப்போச்சு."

"அம்புட்டுதானா?"

"அம்புட்டுதான்."

"நான் என்னமெல்லாமோ நெனச்சேன்."

"எல்லாரும் நெனச்சாவ."

கொஞ்ச தூரம் போனதும் அவள் சொன்னாள். "வினீத்துக்க கெட்டு நான் பாத்திருக்கணும். வண்டிய அங்கயே போட்டுட்டு மைனிகூட ஏறியிருக்கணும்."

"ஓ" என்றார் அவர். "பாத்திருக்கணும்." ரோட்டோரம் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லி, இறங்கிப் போய் வாங்கி வந்து, ஒன்றை அவளிடம் நீட்டினார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. தின்றுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு புறப்பட்டார்கள்.

மழை தொடங்கும் முன் அந்தப் பருவம் முடிந்தது. ஒரு சனிக்கிழமை நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கே திரும்பும்போது லீலாபாய் கிலோமீட்டர் கணக்கைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். "இனி மெதுவாப் போவண்டாம் அண்ணா. பழகியாச்சு."

"முடிஞ்சா?"

"முடிஞ்சு."

ரெத்தினதாஸ் முன்னால் கிடந்த ரோட்டைப் பார்த்தார். சனிக்கிழமை மத்தியானம், வாகனம் குறைவு. "அப்பிடியெங்கில் என்னை இங்கண எறக்கி விடு" என்றார்.

"வீடுவரைக்கும் மெதுவாவே கொண்டு விடுதேன்."

"அது வேண்டாம். ஒனக்க வண்டி, நீ ஒனக்க போக்கில போ."

உதியங்குளங்கரை ஸ்டாப்பில் நிறுத்தினாள். தாழ்ந்த இருக்கையிலிருந்து எழ அவர் இப்போது பழகியிருந்தார். முதலில் காலை வெளியே வைத்து, கதவைப் பிடித்து, ஒரு பக்கமாக உருண்டு எழுந்தார். பாறசாலை பஸ் வந்துகொண்டிருந்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார். லீலாபாய் பஸ் நகரும்வரை நின்று, பிறகு கியரைப் போட்டாள்.

அன்று சாயங்காலம் செல்லபாய் போன் செய்தாள்.

"அண்ணன் என்ன பஸ்ஸில வந்திருக்காவ? கேட்டா ஒண்ணும் பறையல்ல. ஒங்களுக்குள்ள பின்னயும் சண்டையா பிள்ளே?"

"சண்ட ஒண்ணும் இல்ல மைனி."

"பின்ன என்ன?"

"வண்டி சரியாயிட்டு. அதான்."